கோமதி டீச்சரின் குதிரைக் காசில் விழுந்த வெட்டு

காரியாபட்டியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பழைய மாணவன் ஒருவன் அருகில் வந்து, "சார், நம்ம சரித்திர டீச்சர் போயிட்டாகளாம்" என்றான். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இனி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எண்பதுகளின் கடைசியில் திருச்சுழியில் கோமதி டீச்சரிடம் படித்தவர்களுக்கு அந்தக் கிரேக்க வெள்ளிக் காசு நினைவிருக்கும். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் கொண்டுவந்தது. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த தேவி. மறுபக்கம் சிறகு விரித்த குதிரை. "யாருக்கும் அடங்காத குதிரை. அதுக்குக் கடிவாளம் கொடுத்து அடக்க வச்சது இந்த அம்மாதான்" என்பார். "நம்ம அய்யனார் குதிரைக்கு றெக்கை இல்லையே டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். "அவருக்கு ஊர்க்காவல் வேலை. பறந்துட்டா ஊரை யாரு பாக்குறது?" என்றார். வகுப்பே சிரித்தது. பக்கத்து அறையில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

ஆசிரியர் அறையில், "ஈயத்துல வார்த்த டூப்ளிகேட்டு" என்று பேசித் திரிந்தேன். அது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் ஒருநாள் காசை என்னிடம் நீட்டி, "உங்க வகுப்புப் பிள்ளைகளும் பாக்கட்டும் சார்" என்றார். நான் யாருக்கும் காட்டவில்லை. அன்று மாலையே அருப்புக்கோட்டைக்குப் போய், தெரிந்த ஆசாரியின் பட்டறையில் கொடுத்தேன். சந்தேகமான வெள்ளி எது வந்தாலும் உளியால் ஒரு வெட்டுப் போட்டு, உள்ளே செம்பா என்று பார்ப்பது அவர் வழக்கம். அவரே தயங்கினார். "பழைய சாமான் மாதிரி இருக்கு. வெட்டிருவமா சார்?"

"வெட்டுங்க" என்றேன்.

குதிரையின் சிறகு இரண்டானது. உள்ளே சுத்த வெள்ளி.

மறுநாள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். காசு முழுக்கக் கறுத்திருக்க, வெட்டு மட்டும் பளபளத்தது. டீச்சர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே வகுப்பில் ஒருவன், "இது என்ன வெட்டு டீச்சர்?" என்று கேட்டான்.

"அந்தக் காலத்து வியாபாரி யாரோ நம்பாம வெட்டிப் பாத்துருக்காரு. நம்பாதவுக எல்லாக் காலத்துலயும் உண்டு" என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் சாக்பீஸோடு நின்று கேட்டேன். அதன்பின் வருடா வருடம் கேட்டேன். அதற்கு மேல் ஒருமுறைகூட அவர் என்னை ஜாடையாகக் குத்தியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அவரிடம் படித்தவர்களே, டீச்சர் உங்களுக்குச் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் பொய். வெட்டியது எந்தக் கிரேக்க வியாபாரியும் அல்ல. உங்கள் கணக்கு வாத்தியார். அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான் அவர் நினைவாக என்னிடம் இருக்கிறது. அவர் இருந்தவரை அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.