மேல் படுக்கையில் அரிசி மூட்டை

ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் எங்களிடம், முதுகில் படுக்கையும் அடுப்புமாக ஒரு கூண்டைச் சுமக்கும் பிக்கப் வண்டி இருக்கிறது. சென்ற கோடையில் நானும் கணவரும் அதில் வேல்ஸ் கடற்கரைக்குப் புறப்பட்டோம். மச்சாள் குடும்பம் காரில் பின்னால் வந்தது.

சாமான் ஏற்றியது நான்தான். இரண்டு மூட்டை அரிசி, தேங்காய்கள், தண்ணீர்க் கான்கள். சாப்பிடும் அரிசியைக் கால் படும் தரையில் வைக்க மனம் வரவில்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் படுக்கையில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன்.

மோட்டர்வேயில் ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்ததும் வண்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது.

“பிரேக்கைப் போடுங்கோ!” என்று கத்தினேன்.

“பேசாமல் இரும். இப்ப பிரேக் போட்டால் பிரண்டிடும்.”

ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, அக்சிலரேட்டரில் இருந்து காலை மெல்ல எடுத்தார். வேகம் குறையக் குறைய ஆட்டம் நின்றது.

வழியோர ஓய்விடமான அடுத்த சேர்விசில் நிறுத்தி, கூண்டின் கதவைத் திறந்து பார்த்தார்.

“இவ்வளவு பாரத்தையும் மேலயா வைச்சனீர்?”

எல்லாவற்றையும் இறக்கி, பின்சில்லுகளுக்குச் சற்று முன்னால் தரையில் வைத்துப் பட்டியால் கட்டினோம். கடற்கரை வரை வண்டி ஆடவே இல்லை.

இப்போது எங்கு போனாலும் பாரமானவை தரையில்தான். மேலே தலையணைகள் மட்டும். போன மாதம் மச்சாள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திகைத்தாள்.

“அரிசியை நிலத்திலயா வைச்சிருக்கிறியள்?”

“ஓம். அதுதான் செருப்பை வெளியில கழட்டச் சொல்லுறன்.”