பூனையின் டாப் வியூ

காம்பஸ் முள் காகிதத்தைக் குத்தும் அந்தச் சின்ன ‘டிக்’ போதும், எனக்கு எரிச்சல் கிளம்பிவிடும். நேற்று துபாய் வீட்டில் மகள் மீரா சாப்பாட்டு மேசையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நொடியில் நான் சவுதியில், யான்புவில், ரெட்டைச் சடைப் பெண்ணாகிவிட்டேன்.

அப்பா அங்கே எண்ணெய் ஆலையில் பைப் டிராயிங் போடுகிறவர். வெள்ளிக்கிழமைதோறும் குடியிருப்புப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஓவியம் சொல்லித்தருவார். ஓவியமாம்! முதலில் கோடு, கோடு நேரானால் வட்டம், வட்டத்தின் நடுவே குறுக்கும் நெடுக்குமாகச் சென்டர் லைன், அதுவும் தேறினால் கனசதுரம். ஏசி உறுமிக்கொண்டிருக்கும், பழைய பிளான் தாள்களின் பின்பக்கத்தில் நாங்கள் மாதக்கணக்காகக் கோடு போட்டுக்கொண்டிருப்போம். ஒருவழியாகப் பூனை வரைய அனுமதி கிடைத்தது. மீசையெல்லாம் வைத்து ஆசையாக வரைந்து நீட்டினேன்.

"இது ஃப்ரன்ட் வியூ. சைடு வியூ, டாப் வியூ எங்கடி? மூணும் இல்லாம ஒருத்தன் எப்படிப் பூனையைச் செய்வான்?"

"பூனையை யாருப்பா செய்யப் போறா?" என்று அழுதேன். மறுவாரம் மறுபடியும் கோடு.

நேற்று இரவு அப்பா திருச்சியிலிருந்து வீடியோ காலில் வந்தார். மீரா தான் வரைந்த தாத்தா முகத்தைக் காட்டினாள். கண்ணாடி, மூக்கு, எல்லாம் அச்சு அசல்.

"நல்லாருக்கு. டாப் வியூ எங்கம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மீரா, "வெயிட் தாத்தா" என்று காம்பஸை எடுத்து ஒரு வட்டம் போட்டாள். உள்ளே ஒன்றுமே வரையவில்லை.

"டன். உங்க ஹெட் மேலேருந்து பார்த்தா இதான்."

அப்பா வழுக்கையைத் தடவிக்கொண்டே திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"சென்டர் லைன் போடலையேம்மா."