பதில் வரக்கூடாத சோதனை

ஒச்சாயியின் இடது கை விரல்கள் மேசை விளிம்பில் ஒவ்வொன்றாகப் படிந்து நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தன. வலது கை கட்டளையைத் தட்டிவிட்டு விசைப்பலகை மேலேயே கிடந்தது. இரண்டாவது விரல் படியும்போதே திரையில் பச்சை எழுத்து வந்துவிட்டது. சோதனை பாஸ்.

"அம்புட்டுத்தானே? அனுப்பிவிடு ஆத்தா" என்றான் எதிர்மேசை அருண்பாண்டி. ஒத்தக்கடையில் டைல்ஸ் கடைக்கு மேலே இருவருமாக வாடகைக்கு எடுத்த மாடி அது. அவன் கல்லூரி மாணவர்களின் விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது கணினிக்குள் ஓடும் கணினிகளை, ஒரே பெரிய கணினியில் ஓட்டித் தருகிறான். ஒவ்வொருவருக்கும் அதற்குள் ஓர் அறை, நேம்ஸ்பேஸ் என்பார்கள். ஆனால் மெஷினின் எண் தெரிந்தால் போதும், அடுத்த அறையிலிருந்தும் அதைக் கூப்பிட்டுவிடலாம். எண்ணை அந்தந்த அறையோடு நிறுத்தத்தான் ஒச்சாயி எட்டு மாதமாக லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் வேலை செய்கிறாள்.

எழுமலைக்காரி. படித்தது கணிதம். கெர்னலை, அதை எழுதுகிறவர்கள் தங்களுக்குள் சண்டை போட்ட பழைய மின்மடல்களைத் தேதிவாரியாக வாசித்தே கற்றுக்கொண்டாள். "ஏன் இப்படி எழுதுனாங்கன்னு தெரியாம நான் ஒரு வரியத் தொடமாட்டேன்" என்பாள். தொடவும் மாட்டாள். கடலையைக்கூட ஒவ்வொன்றாகத்தான் தின்பாள்.

அவள் எழுதிய நிரலின் எட்டாம் பதிப்புக்கு யாகுப் என்ற வெளிநாட்டு மூத்தவர் 'சரிபார்த்தேன்' என்று பெயர் போட்டுவிட்டார். சின்னத் திருத்தங்களோடு ஒன்பதாவதை இன்று அனுப்பினால் கெர்னலின் இந்த வெளியீட்டுச் சுற்றில் சேர்ந்துவிடும். தவறினால் இன்னும் இரண்டு மாதம்.

ஒச்சாயி அனுப்பவில்லை. "மெஷின் எந்திரிக்கவே நாலு செகண்டு ஆகும்ணே. ரெண்டுல எப்படிப் பாஸாச்சு?"

வெளியறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வரக்கூடாது, அதுதான் சோதனை. அறுபது சோதனைகளோடு சேர்ந்தே ஓடியதை இன்றுதான் தனியாக ஓட்டியிருந்தாள். பதில் வரவில்லைதான். பதில் சொல்ல வேண்டிய மெஷின் இன்னும் எழவே இல்லை.

"ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டிட்டு, பூட்டு நல்லாருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மெஷின் எழுந்து தயார் என்று சொல்லும்வரை காத்திருந்து, வெளியறையிலிருந்து கூப்பிட்டாள். வரக்கூடாத பதில் வந்தது. அருண்பாண்டி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். பச்சையைப் பார்த்ததும் அவனாக இருந்தால் டீக்குக் கிளம்பியிருப்பான்.

இரண்டு மணி நேரம் தன் நிரலைத் துருவினாள். பேனா முனை திரையில் வரிவரியாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது. மெஷினைத் தேடும் அந்த இடத்தில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, அறையைப் பார்க்க விட்டுப்போயிருந்தது. ஒரு வரி சேர்த்தாள். உள்ளிருந்து கூப்பிட்டால் பதில். வெளியிலிருந்து கூப்பிட்டால் மௌனம். இரண்டையும் ஏழு தடவை பார்த்தாள்.

"ஒத்த வரிதான ஆத்தா? யாகுப் பேர அப்படியே விட்டு அனுப்பு. எடுத்தேன்னா மறுபடி மொதல்லருந்து பாப்பாரு. இந்தச் சுத்து போச்சு."

"அவரு பாத்தது ஓட்டையோட இருந்ததண்ணே."

மடலின் முதல் வரியாக, எட்டாம் பதிப்பின் வெளியறைச் சோதனை தவறு, தவறு என்னுடையது என்று எழுதினாள். பிறகு 'சரிபார்த்தவர்' வரியிலிருந்து யாகுப்பின் பெயரை எடுத்து, பெறுநர் பட்டியலில் எல்லாருக்கும் முன்னால் வைத்து, அனுப்பும் விசையைத் தட்டினாள்.