நக்காத குட்டியைத் தேடி

எங்கள் வீட்டில் நாய் வளர்ப்போம் என்று சில வருடங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் குசினிக்குள் நின்றாலும் கேட்கும். எங்கள் ஒழுங்கையில் ஆடு உண்டு, கோழி உண்டு, பூனை வீட்டுக்கு வீடு உண்டு. நாய் என்றால் தெருவில் போவதுதான். அதுவும் மழையில் நனைந்து வந்தால் உடுப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மதிலோடு ஒட்டி நிற்போம்.

ஆனால் எங்கள் மகள் நாயிடம்தான் போவாள்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. பேச்சு வரவில்லை. காதில் குறை ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். கையைப் பிடித்தால் மீன் வழுக்குவது போல உருவிக்கொண்டு போய்விடுவாள். "உம்மா" என்று ஒரு தரம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் முதலில் என் துஆவாக இருந்தது. போகப் போக அதையும் குறைத்துக்கொண்டேன். யா அல்லாஹ், பேசாவிட்டாலும் பரவாயில்லை, எங்களில் ஒருவருடைய கையை அவளாகப் பிடிக்க வை என்று கேட்கத் தொடங்கினேன்.

கேற்றுக் கொளுவியை எப்படியோ கழற்றிவிட்டு அவள் போய்விடுவாள். நாங்கள் பதறிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவோம். மீன் வாடிக்குப் பின்னால், வலை காயப்போடும் இடத்தில், நாலைந்து நாய்களுக்கு நடுவில் குந்தியிருப்பாள். எங்களைக் கண்டு வராத சிரிப்பு அங்கே அவள் முகத்தில் இருக்கும்.

தூக்கிக்கொண்டு வந்து கழுவுவேன். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். இது எங்கள் மார்க்கத்தில் உள்ள சட்டம். எங்கள் வளவில் இருப்பது வெறும் கடல் மணல். தூசி இல்லாத மணல் அதற்குக் கூடாது, புழுதி உள்ள மண் வேண்டும் என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதிக் கொடுத்த இடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். என் உடன்பிறந்த மூத்தவளான ராத்தாவை இறக்காமத்தில் வயல்காரக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவவிடம் போய்வரும்போது ஒரு உரப்பையில் வரம்பு மண் கொண்டுவந்து வைத்துக்கொள்வேன்.

பிள்ளை போகும் பயிற்சி நிலையத்தில் ஒரு மிஸ் இருக்கிறா. அவதான் முதலில் கதையை எடுத்தா. "உம்மா, எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வாசல் இரிக்கும். இந்தப் பிள்ளைக்கு நாய் வாசல் போல. தெருநாய்க்கிட்டப் போய் கடி வாங்கிறதுக்குப் பதிலா, ஊசி போட்ட ஒண்ட வீட்டிலயே வளர்த்துப் பாருங்களன்."

எனக்குத் தலை சுற்றியது. அதோடு பிள்ளைக்கு இழுப்பும் உண்டு. நெஞ்சு பார்க்கும் டொக்டரிடம் கேட்டோம். பூடில் கலப்புக் குட்டிகளுக்கு முடி கொட்டுவது குறைவு, என்றாலும் நம்பி எடுத்துவிடாமல் பிள்ளையைக் கொண்டுபோய்க் குட்டிகளோடு கொஞ்ச நேரம் இருத்தி, மூச்சைப் பார்த்துவிட்டு எடுங்கள் என்றார். பிறகு என் கணவர், மகளின் வாப்பா, பள்ளிவாசலுக்குப் போய் அங்கே தொழுவிக்கும் ஹஸ்ரத்திடம் கேட்டார். பிள்ளையின் பாதுகாப்புக்கு என்றால் அது தேவைதான், வீட்டுக்குள் விடாதீங்க, தொழுகிற இடத்துக்கு விடாதீங்க, எச்சில் பட்டால் கழுவுங்க, பசிக்க வைக்காதீங்க என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் சொன்னதைத்தான் இரண்டு தரம் சொன்னாராம்.

ராத்தாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"உனக்கு மூளை இரிக்கா கா? ஊரெல்லாம் என்ன கதைக்கும்? மலக்குமார் வராத வீட்டுக்கு நானும் வரமாட்டன்."

நாய் உள்ள வீட்டுக்கு மலக்குமார், வானவர்கள், வரமாட்டார்கள் என்பதைத்தான் அவ சொன்னா. போனை வைத்த பிறகு மகளின் வாப்பா கேட்டார்: "அப்ப உங்கட ராத்தாவும் மலக்குமாரில ஒரு ஆளா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு தமிழ் அக்கா பூடில் கலப்புக் குட்டிகள் வளர்த்துக் கொடுக்கிறா என்று அறிந்து, ஓட்டோவில் போனோம். நான் ஒரு பையில் மண்ணும் இரண்டு பெரிய போத்தலில் தண்ணீரும் எடுத்து வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற தாதி அவ. எங்களை வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தா. என் ஹபாயாவைப் பார்த்தா, இவருடைய தொப்பியைப் பார்த்தா.

"குறை நினைக்காதீங்க தங்கச்சி. உங்கட ஆக்கள் நாய் வளர்க்கிறது குறைவு தானே. ரெண்டு மாசத்தில அலுத்துப்போய்க் கடற்கரையில கொண்டுபோய் விட்டிட்டீங்களெண்டா? இதுகள் தெருவில பிழைக்காதுகள்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பெற்றவள் பெண் கொடுக்கும்போது கேட்பதைத்தானே அவவும் கேட்கிறா என்று உடனே மனம் சமாதானப்பட்டது.

"அக்கா, நான் மேசன்," என்றார் இவர். "எங்கட வீட்டு விறாந்தைக்கு இன்னும் சீமெந்துத் தரைதான். நாய்க்கூட்டுக்கு டைல்ஸ் போட்டிட்டன். இவட வாயில இருந்து நான் இன்னும் தப்பல்ல."

அக்கா சிரித்துவிட்டா. கேற்றைத் திறந்தா.

பின் வளவில், வேப்பமர நிழலில், கம்பி வலை அடித்த இடத்தில் தாய் படுத்திருந்தது. வெள்ளை நிறப் பூடில். தகப்பன் கொக்கர் இனம் என்றா. குட்டிகள் எல்லாம் சுருட்டை முடியோடு, கம்பளி நூல் உருண்டைகள் போல் இருந்தன. எங்களைக் கண்டதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்து வலைக்குள்ளால் நாக்கை நீட்டின. நான் இரண்டடி பின்னுக்குப் போனேன்.

மூலையில் ஒன்று மட்டும் வராமல் கிடந்தது. கறுப்புக் குட்டி. வாயை மூடிக்கொண்டு, முன்கால்களில் தாடையை வைத்து, பள்ளிவாசலில் மார்க்கப் பயான் கேட்பது போல அடக்கமாக எங்களைப் பார்த்தது.

"இஞ்சேருங்க, அதுதான் நல்லம்," என்று இவரிடம் மெதுவாகச் சொன்னேன். "நக்குதுமில்ல, பாயுதுமில்ல. ஒழுக்கமான குட்டி."

இவருக்கும் அது பிடித்துவிட்டது. "அக்கா, அந்தக் கறுப்பத் தாங்க."

"ஏன் அது?"

"அது நக்கல்ல."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தா. "நக்காத நாய்க்குட்டி வேணுமெண்டா பொம்மைக் கடைக்கெல்லோ போகோணும்! தம்பி, அதுக்கு நேத்தையிலிருந்து வயித்தால போகுது. பாலும் குடிக்கல்ல. அதான் சும்மா கிடக்கு. இண்டைக்குப் பின்னேரம் மிருக வைத்தியர் வருவார். அதை நான் ஆருக்கும் குடுக்க மாட்டன். குட்டி எடுக்க வாற ஆக்கள் பாஞ்சு வாறதைத்தான் கேப்பாங்க. நோயாளியை ஒழுக்கமெண்டு கேட்டது நீங்கதான்."

அவ நினைத்திருந்தால் அந்தக் குட்டியை எங்கள் தலையில் கட்டியிருக்கலாம். எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அல்லாஹ் அவவுக்கு நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். இன்றும் என் துஆவில் அவ இருக்கிறா.

இந்தக் கதை நடக்கும்போதே மகள் வலைக்கு உள்ளே போய்விட்டாள். எப்படிக் கதவைத் திறந்தாள் என்று தெரியாது. சப்பாணி கட்டி நிலத்தில் இருந்தாள். குட்டிகள் அவள் மடியில் ஏறின. மற்றவை ஏறி, இறங்கி, தாயிடம் ஓடிவிட, கபில நிறக் குட்டி ஒன்று மட்டும் போகவில்லை. அவள் கையை நக்கியது, நாடியை நக்கியது, மூக்கை நக்கியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய்த் தூக்கத்தான் கால் எடுத்து வைத்தேன். அப்போது அவள் சிரித்தாள். கடற்கரையில் பார்த்த, சத்தமில்லாத சிரிப்பில்லை. வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க. கழுவலாம்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு நன்றிக்கடன் பட்டவள்.

டொக்டர் சொன்னபடி நெடுநேரம் இருத்திப் பார்த்தோம். அக்கா தன் பழைய பழக்கத்தில் பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டா. இழுப்பு இல்லை. பிறகு கிணற்றடிக்குக் கூட்டிப்போனோம். நான் பையை அவிழ்த்ததும் அக்கா எட்டிப் பார்த்தா.

"இது என்ன தங்கச்சி, மண்ணா? மட்டக்களப்புக்கு மண் கட்டிக்கொண்டு வந்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

விஷயத்தைச் சொன்னேன். அவ வாளியை எடுத்துத் தண்ணீர் அள்ளினா. நான் மகளின் கையிலும் முகத்திலும் மண் குழைத்துப் பூச, அவ ஊற்றினா. ஒவ்வொரு தரத்தையும் சத்தமாக எண்ணினா. "ஏழா? என்ர பேரப்பிள்ளைகளை ஒருக்கா கை கழுவ வைக்கிறதுக்கே நான் பிரம்பெடுக்கோணும்." எப்போதும் தண்ணீர் பட்டால் உதறும் என் பிள்ளை, அன்று அந்த மண் தன் கையில் கரைந்து ஓடுவதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குட்டி இன்னும் பால் மறக்கவில்லை, இரண்டு கிழமை பொறுங்கள் என்று அக்கா சொல்லி, கழுவும்போது மகளுக்குக் கழற்றிய சட்டையை வாங்கி வைத்துக்கொண்டா. "இந்த மணத்தோட படுத்தா, வந்து அழாது." திரும்பப் போனபோது ஊசி அட்டையும் அந்தச் சட்டையும் குட்டியும் சேர்ந்து வந்தன. கறுப்பும் தேறி, எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து என் செருப்பைக் கடித்தது. ஒழுக்கம் எல்லாம் போய்விட்டது.

வீட்டில் ஒரு ஒழுங்கு தானாக வந்தது. கூடு கொல்லைப் பக்கம். குட்டி வீட்டு வாசற்படி ஏறாது. மகள் கேற்றைத் தாண்டுவதும் மெல்ல மெல்ல நின்றது. பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் வரை இரண்டு பேரும் முருங்கை மரத்தடியில் கிடப்பார்கள். குட்டி கேற்றடிக்குப் போனால் மகளும் போவாள், குட்டி திரும்பினால் அவளும் திரும்புவாள். பிறகு பைப்படியில் நிறுத்திக் கழுவுவேன். மண் வாளி பக்கத்திலேயே மூடியோடு இருக்கும். முதலில் மண், பிறகு தண்ணீர். அக்கா எண்ணியது போலவே நானும் சத்தமாக எண்ணுவேன். என்னிடம் வேறு எதற்கும் நிற்காத பிள்ளை அதற்கு மட்டும் நிற்பாள்.

ஒரு நாள் மண் வாளி காலி. ராத்தா வீட்டுக்குப் போகாமல் இருந்ததால் மண் வரவில்லை, அவவும் வரவில்லை. பக்கத்து வீட்டில் பிறகு கொஞ்சம் வாங்கிக்கொள்வோம், இப்போதைக்குத் தண்ணீரால் ஊத்தையைக் கழுவிவிடுவோம் என்று பைப்பைத் திறந்தேன். அவள் கையை நீட்டவில்லை. பின்னால் கட்டிக்கொண்டாள். "தாங்க மகள்," என்றேன். வாளியைப் பார்த்தாள். மூடியைக் காலால் தட்டினாள்.

"மண்," என்றாள்.

நான் பைப்பை மூடினேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்று நினைத்தேன். அவள் மறுபடியும், இந்த உம்மாவுக்கு ஒன்றுமே விளங்குதில்லை என்ற கோபத்தோடு சொன்னாள்: "மண்!"

ஈரக் கையோடு நான் ஒழுங்கைக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பூச்சாடியில் இருந்த மண்ணை, கேட்காமலே, அள்ளிக்கொண்டு வந்தேன். கழுவி முடித்து, அஸர் தொழுது, ஷுக்ருக்காக, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி, ஒரு சுஜூது செய்தேன். நிலத்தில் வைத்த தலையைத் தூக்க மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். "ராத்தா, புள்ள கதைச்சிட்டா."

"அல்லாஹு அக்பர்! என்ன சென்ன? உம்மா எண்டாளா?"

"இல்ல. மண் எண்டு சென்னா. உங்கட மண்ணத்தான் கேக்கிறா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்கு முன்னமே கேற்றடியில் ஓட்டோ நின்றது. ராத்தா இறங்கினா. மச்சான் ஒரு உரப்பை மண்ணை இறக்கினார். ராத்தா அதை மா அரிக்கும் அரிதட்டில் அரித்திருக்கிறா. ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. "புள்ளட கை கீறக்கூடா எண்டு அரிச்ச," என்றா, என் முகத்தைப் பார்க்காமல். "அதுக்காக உன்ட நாய்க்கு நான் சரியெண்டு நினைச்சிராத."

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, குட்டி கொல்லையிலிருந்து பாய்ந்து வந்து அவவின் காலை நக்கிவிட்டது.

"யா அல்லாஹ்! பிடி கா! பிடி கா இத!" ராத்தா ஒற்றைக் காலில் நின்று கத்தினா. மச்சான் ஓட்டோவுக்குள் ஏறிவிட்டார். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் குட்டியைக் கயிற்றில் பிடிக்கக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது மகள் அங்கே நின்றாள். ராத்தாவின் நனைந்த காலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அவவின் சுண்டு விரலைப் பிடித்தாள். அவளாகப் பிடித்தாள். பிடித்து, இழுத்துக்கொண்டு, பைப்படிக்கு நடந்தாள். ராத்தா கத்துவதை நிறுத்திவிட்டு, கண்ணீர் கன்னத்தில் ஓட, நொண்டி நொண்டிப் பின்னால் போனா. அங்கே போய்க் காலை நீட்டிக்கொண்டு நின்றா. அரித்த மண்ணை அள்ளி அவவின் காலில் போட்டு, மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், எண்ணச் சொல்லி.

நான் எண்ணத் தொடங்கினேன்.