வேறு யாரும் தொட முடியாத கிட்டார்

லிஃப்ட் மெக்கானிக் கிட்டார் வாங்கியது இசைமேல் உள்ள காதலால் அல்ல, மைத்துனன்மேல் இருந்த கடுப்பால். பக்கத்துத் தெருவில் குடியிருந்த அந்த மகராசன் ஸ்பேனரை எடுத்தான், குடையை எடுத்தான், ஒருநாள் புதுச் செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டான். கேட்டால் நம்ம வீட்டுப் பொருள்தானே மாமா என்பான். நாற்பத்தாறு வயதாகியும் தனக்கென்று ஒரு துரும்புகூட இல்லை என்று மெக்கானிக்குக்கு மனசு வெந்தது.

அப்போதுதான் கடையில் அதைப் பார்த்தார். இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த கறுப்பு எலக்ட்ரிக் கிட்டார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான மலிவு ரகம். வேறு நிறம் உண்டா என்று கேட்டதற்கு, இதுவே கிடைத்தது பெரிது என்பதுபோல் கடைக்காரர் பார்த்தார். வலதுகைக்காரர்களால் வாசிக்க முடியாதே என்று மெக்கானிக் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறவி இடதுகைக்காரரான அவருக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டு மாதம் இடதுகையால் மீட்டி, வலதுகை விரல்களால் கம்பியை அழுத்தி, விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிற்று. பாட்டு மட்டும் வரவில்லை. அதனாலென்ன? மைத்துனன் ஒருநாள் எடுத்துத் தலைகீழாகப் பிடித்து விழித்துவிட்டு வைத்தானே, அந்தச் சுகம் போதாதா!

ஆனால் சில வாரமாக ஒன்று உறுத்தியது. வேலை முடிந்து வந்து கிட்டாரைத் தோளில் மாட்டினால், அதன் தோள்வார் நான்கு விரற்கடை குட்டையாக இருந்தது. யாரோ வாசிக்கிறார்கள். மைத்துனனைக் கூப்பிட்டுக் கத்தினார். அவனோ, அந்தச் சனியனை நான் ஏன் தொடப்போகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று மாலை மனைவி டீ டம்ளரை நீட்டினாள். அவளுடைய வலதுகை விரல் நுனிகள் நான்கும் காய்த்திருந்தன. பாத்திரம் தேய்த்து அந்த இடத்தில் காய்க்காது என்று மெக்கானிக்குக்குத் தெரியாதா என்ன? அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நானும் இடதுகைதாங்க," என்றாள். "ஒன்னாங்கிளாஸ்ல அடிச்சு அடிச்சு மாத்திட்டாங்க."

பதினெட்டு வருடமாக வலதுகையால் எழுதுகிறவளைத்தான் அவர் பார்த்திருக்கிறார். கிட்டார் வேண்டுமென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார்.

"எப்படிங்க கேக்குறது? உங்களுக்குன்னு இருக்குறதே அது ஒன்னுதான்."

மெக்கானிக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரையெல்லாம் அண்டவிடாமல் காத்த பொருளை, வீட்டுக்காரி திருட்டுத்தனமாக அல்லவா வாசிக்க வேண்டியதாயிற்று! டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து வாசி என்றார்.

அவள் வாசித்தாள். அவரைவிட நன்றாகவே வாசித்தாள். அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் எழுந்து போகாமல், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.