ஐயாசாமி போடாத ஓட்டை

ஐயாசாமிக்கு ஒழுகுகிற எதைக் கண்டாலும் ஆகாது. குழாயடியில் யாருடைய குடமாவது சொட்டினால் போதும், முன்பின் தெரியாதவர்களையும் நிறுத்தி, "ஏனுங்க, அந்தக் குடத்தைக் கொஞ்சம் சாயுங்க, பாக்கலாம்" என்பான். போத்தனூரில் அவன் குடியிருந்த வரிசை வீடுகளில் அவனுக்கு 'ஒழுக்கு' என்றே பட்டப்பெயர். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் சிரிப்பான். ஊருக்கு உபயோகமான வியாதிதானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

வியாதி எங்கே பிடித்தது என்று கேட்டால் காரமடைக்கு மேற்கே போக வேண்டும். தோட்டத்துக் கூலிக்குப் போகிற குடும்பம், ஓலை வேய்ந்த சாளை. புது ஓலை போட தோட்டக்காரர் மனசு வைக்க வேண்டும். அந்த மகராசன் வைத்ததில்லை. மழை பிடித்தால் இருக்கிற சட்டி, போசி, வட்டல் எல்லாவற்றையும் தரையில் பரப்ப வேண்டியதுதான். நனையாத ஒரே மூலையில் தங்கை சின்னத்தாயியைப் படுக்கவைத்துவிட்டு, பத்து வயது ஐயாசாமி பக்கத்தில் குந்தியிருப்பான். சொட்டு இடம் மாறினால் போசியையும் மாற்றி வைப்பான். அவள் மேல் ஒரு துளி விழாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. யாரும் அதை அவனுக்குச் சொல்லவில்லை, அவனாக எடுத்துக்கொண்டான்.

இப்படிப்பட்டவன் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அமீர் ஹம்சாவின் பட்டறை என்பதில் ஆச்சரியமில்லை. போத்தனூர் ரயில்வே லைனை ஒட்டி, தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. முதலில் மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். தொண்ணூற்றி மூன்றில் ஒரு சோலார் கம்பெனிக்காரர் மாதிரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, இதேபோல வேண்டும் என்றார். வெயிலிலிருந்து கரண்டு எடுக்கிறார்களாம் என்று பட்டறையே சிரித்த காலம். ஆனாலும் பெட்டி பெட்டிதானே.

சாண் அகலத்துக்கு அலுமினிய வார்ப்பு. கூரை மேல் இருக்கிற சோலார் பலகையிலிருந்து வருகிற ஒயரும், கீழே பேட்டரிக்குப் போகிற ஒயரும் அந்தப் பெட்டிக்குள்தான் சேரும். ஜங்ஷன் பாக்ஸ் என்று கம்பெனிக்காரர் சொன்னார், பட்டறையில் பொட்டி என்றே பேர். வெயிலும் மழையும் அதன் தலையில்தான். ஒயர் நுழைகிற இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர், மூடிக்கு அடியில் சுற்றிலும் ரப்பர் பட்டை, நாலு மூலைக்கு நாலு ஸ்குரூ. ரப்பர் வைத்து மூடிச் சோதித்து அனுப்புவது ஐயாசாமியின் பொறுப்பு. அவன் சோதனை அவனே கண்டுபிடித்தது. பெட்டிக்குள் பழைய தினசரித் தாளில் ஒரு துண்டு வைத்து மூடுவான். ஹோஸ் பைப்பைத் திருப்பி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் பத்து நிமிடம் அடிப்பான். திறந்து தாளை எடுத்துக் காதோரம் வைத்துக் கசக்குவான். மொறுமொறு என்று சத்தம் வந்தால் பெட்டி பாஸ்.

அதற்கப்புறம் செய்ய வேண்டிய ஒரு வேலைதான் அவன் வயிற்றெரிச்சல். பாஸான பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ட்ரில்லை வைத்து ஒரு ஓட்டை போட வேண்டும். மெல்லிசாக ஒரு கம்பி நுழைகிற அளவு ஓட்டை.

"ஏனுங்க பாய், தண்ணி பூரக்கூடாதுன்னு இத்தன பாடுபட்டுப்போட்டு, கடைசில நம்ம கையாலயே ஓட்டை போடறதுங்களா?"

"சாம்பிள்ல இருக்குதில்ல, போடுங்க. எதுக்குன்னு கம்பெனிக்காரரக் கேட்டுச் சொல்றேன்" என்றார் அமீர் ஹம்சா. நல்ல மனுஷர், ஆனால் கேட்கவில்லை. ஐயாசாமியும் மறுபடி கேட்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே நூற்றுக்கணக்கில் ஓட்டை போட்டான்.

சின்னத்தாயியைக் கதிரேசனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. மலை அடிவாரத்தில் லட்சுமணசாமி என்பவரின் வாழைத்தோட்டத்தைக் கதிரேசன் பார்த்துக்கொண்டான். தோட்டத்திலேயே ஓட்டுச் சாளை, அதில் குடித்தனம். வாழை இருந்தால் யானை வராமல் இருக்குமா. லட்சுமணசாமியும் பக்கத்துத் தோட்டத்து நஞ்சம்மாளும் சேர்ந்து தொண்ணூற்றி நாலு ஆடியில் ஆளுக்கொரு சோலார் வேலி போட்டார்கள். மோட்டார் ரூம் மொட்டை மாடியில் பலகை, உள்ளே பேட்டரி, தோட்டத்தைச் சுற்றிக் கம்பி. கம்பியைத் தொட்டால் சுள்ளென்று ஒரு அடி. யானை ஒருமுறை வாங்கினால் அந்தப் பக்கம் வராது, உயிருக்கும் ஒன்றும் ஆகாது. மோட்டார் ரூம் சுவரில் மாட்டிய யந்திரத்தில் ஒரு சிகப்பு லைட் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும். அது அடிக்கிறவரை கம்பியில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு தோட்டத்துக்கும் பெட்டி தன் பட்டறையிலிருந்துதான் போகிறது என்று தெரிந்ததும் ஐயாசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கைக்கு அண்ணன் என்ன சீர் செய்தான் என்று கேட்டால் இதுவரை ஒரு சேலை, ஒரு சீப்பு வாழைப்பழம் என்றுதான் சொல்ல முடிந்திருக்கிறது. நஞ்சம்மாள் தோட்டத்துப் பெட்டிக்கு வழக்கம்போல ஓட்டை போட்டான். தங்கையின் தோட்டத்துக்கான பெட்டியைக் கவிழ்த்து வைத்து, ட்ரில்லைக் கையில் எடுத்து, அப்படியே கீழே வைத்துவிட்டான். போடவில்லை. என்ற தங்கச்சி ஊட்டுக்கு ஓட்டைப் பொட்டியா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஆடிப் பதினெட்டுக்குத் தேங்காய், பழத்தோடு பெட்டியையும் மஞ்சப்பையில் வைத்து பஸ் ஏறினான். கம்பெனி ஆள் மாட்டும்போது பக்கத்திலேயே நின்றான். மூடுவதற்கு முன்னால் தினசரித் தாளில் ஒரு துண்டு கிழித்து உள்ளே வைத்தான்.

"எதுக்குங்க மச்சான் காயிதம்?" என்றான் கதிரேசன்.

"ஒரு வருசம் கழிச்சுத் தொறந்து பாருங்க மாப்ள. இப்ப இருக்கறாப்பலயே மொறுமொறுன்னு இருக்கும்."

சின்னத்தாயி கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் தோட்டத்துக்கு யார் வந்தாலும் அவள் மாடியைக் காட்டி, "அது எங்கண்ணன் செஞ்ச பொட்டிங்க, எங்களுக்குன்னு தனியாச் செஞ்சதுங்க" என்பாள். ஐயாசாமி வாழ்நாளில் சந்தோஷமாக இருந்த காலம் எது என்றால் அதன் பின் வந்த ஒரு வருஷத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை நின்று பனி இறங்கத் தொடங்கிய சமயம். பட்டறைக்குப் போன் வந்தது. காரமடையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கதிரேசன்.

"மச்சான், அந்தச் சிகப்பு லைட்டு மங்கலா அடிக்குதுங்க. கம்பில புல்லை வெச்சுப் பாத்தாலும் முன்ன மாதிரி சுள்ளுங்கல. ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போங்க."

"பொட்டில ஒன்னும் இருக்காதுங்க மாப்ள. பேட்டரியா இருக்கும், கொண்டுபோய்ச் சார்ஜு போட்டுப் பாருங்க. நான் ஞாயித்துக்கெழமை வாரேன்."

கதிரேசன் பேட்டரியைச் சைக்கிளில் கட்டி மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வந்தான். நாலு நாள் நன்றாக அடித்தது, மறுபடி மங்கியது. அந்த ஞாயிறு பட்டறையில் அவசர ஆர்டர். ஐயாசாமி போகவில்லை. மறுபடி போன் வந்தது, மறுபடி வாரேன் என்றான். அடுத்த ஞாயிறும் போகவில்லை.

கம்பியை நம்ப முடியாமல் கதிரேசன் தானே காவலுக்குப் போக ஆரம்பித்தான். கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலை, வாழைக்குள் நின்ற ஒற்றை ஆண் யானை அவனுக்குத் தெரியவில்லை. சின்னத்தாயி காப்பி போட்டு வைத்துக் காத்திருந்தவள், நேரமாகிறதே என்று தேடிப் போனாள். அதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

புருஷனை இழந்த தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டியவன் ஐயாசாமி. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவன்தானே எல்லாம். காரமடையில் ஒரு கடைக்குள் போய் நின்றவனிடம் கடைக்காரர், "என்ன விசேசத்துக்குங்க?" என்று கேட்டார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஒரு சேலையை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். தங்கையின் தோளில் அதைப் போட்டபோது அவள்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்து வந்த பிறகு, வீட்டில் பேச்சு வேலியைப் பற்றித் திரும்பியது. கரண்டு ஏன் நின்றது என்று ஒருவர் கேட்டார். எல்லாம் சோலார் சாமான் லட்சணம் என்று இன்னொருவர் சொன்னார். அழுது தொண்டை கட்டியிருந்த சின்னத்தாயி தலையை நிமிர்த்தி, "எங்கண்ணன் பொட்டி மேல ஒரு குத்தமும் இருக்காதுங்க" என்றாள். ஐயாசாமி எழுந்து வெளியே போனான்.

மோட்டார் ரூம் மாடியில் ஏறி நாலு ஸ்குரூவையும் கழற்றினான். மூடியை எடுத்ததும் தண்ணீர் அவன் மணிக்கட்டில் வழிந்தது. பெட்டிக்குள் முக்கால் பாகம் தண்ணீர். ஒயர் மாட்டிய ஸ்குரூக்கள் பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தன. அடியில் அவன் வைத்த காகிதம் கூழாகிக் கிடந்தது. மூடியின் ரப்பரைத் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. மழை எந்த வழியாகவும் வரவில்லை.

நஞ்சம்மாள் தோட்டத்துக்கு ஓடினான். ஒரே நாளில் மாட்டிய, ஒரே வார்ப்புப் பெட்டி. திறந்தால் உள்ளே காய்ந்து சுத்தமாக இருந்தது. கவிழ்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடியில் அவன் முணுமுணுத்துக்கொண்டே போட்ட ஓட்டை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அமீர் ஹம்சா அப்போதுதான் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார். "பகல்ல சூடாகி, பனியில குளுந்து, பொட்டிக்கு உள்ளுக்குள்ளயே வேர்க்குமாம் ஐயாசாமி. எப்படி மூடுனாலும் வேர்க்குமாம். அந்தத் தண்ணி எறங்கறதுக்குத்தான் ஓட்டையாம்." சொல்லிவிட்டு, "அன்னைக்கே கேட்டிருக்கோணும், என்ற தப்பு" என்று நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, ஐயாசாமி தங்கைக்கு எதிரே உட்கார்ந்தான். மறைத்திருக்கலாம். அவளாகக் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் அவள் இனிமேலும் அந்தப் பெட்டியைக் காட்டிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பே அவனைக் கொன்றது. ஓட்டை, வேர்வை, காகிதம் எல்லாவற்றையும் சொன்னான். "என்ற கையால உன்ற வாழ்க்கையக் கெடுத்துப்போட்டேன் அம்மணி" என்று அழுதான்.

அவள் அழவில்லை.

"ஓட்டை போடாதது எனக்காகச் செஞ்சதுங்கண்ணா. உங்களுக்குத் தெரியாது, பாய்க்கே தெரியாது. அதை நான் எப்படிக் குத்தம் சொல்லுவேன்" என்றாள். அப்புறம், "அவிய ரெண்டு தடவ போன் பண்ணுனாங்க. நீங்க ஏனுங்கண்ணா வரல?" என்றாள்.

பட்டறையில் வேலை என்று சொல்ல வாயெடுத்தான். முதல் ஞாயிறுக்கு அது சரி. இரண்டாவது ஞாயிறு அவனுக்கு வேலையே இல்லை. வரிசை வீட்டில் யாருடைய தண்ணீர் டிரம்முக்கோ ஒழுக்கு அடைத்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணி நேர பஸ் தூரம். தன் பெட்டியில் பழுது இருக்காது என்ற இறுமாப்பு. போய்ப் பார்த்தால் பழுது இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற வீம்பு. இதை எப்படித் தங்கையிடம் சொல்வது. அவன் சொல்லவில்லை. அவளும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

"சோறு ஆறிப்போகுது. சாப்பிட்டுப் போங்கண்ணா" என்றாள்.

போவதற்கு முன்னால் மாடி ஏறி, புதுப் பெட்டி ஒன்றை மாட்டினான். அடியில் ஓட்டை போட்டு எடுத்து வந்திருந்தான்.

லட்சுமணசாமி அவளைத் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டார். ஐயாசாமி ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழை விட்டதும் யாரும் சொல்லாமலே வருவான். பெட்டியைத் திறந்து பார்ப்பான், அடி ஓட்டையில் ஒரு கம்பியை விட்டு மண்ணோ பூச்சியோ அடைத்திருக்கிறதா என்று குத்திப் பார்ப்பான். கீழே வந்தால் அவள் சொம்பில் தண்ணீர் கொடுப்பாள். வாங்கண்ணா, போய்ட்டு வாங்கண்ணா, அவ்வளவுதான். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது.

தொண்ணூற்றி எட்டில் அப்படி வந்தபோது மாடியிலிருந்து பார்த்தான். சாளையின் கூரையில், படுக்கிற மூலைக்கு நேர் மேலே, நாலு ஓடு புதுசாக இருந்தது.

"எப்ப ஒழுகுச்சு அம்மணி?"

"ஐப்பசிலீங்கண்ணா. ரெண்டு நாளு. நஞ்சம்மாளக்கா தோட்டத்து ஆளக் கூப்பிட்டேன், வந்து மாத்திக் கொடுத்தாங்க."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

அவள் சொம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.