போணிக்கு முன்னால் சிரிக்கக் கூடாது

எனக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. கோபம் வந்தால் கொட்டாவி வரும். மற்றவர்களுக்கு முகம் சிவக்கும், கை நடுங்கும். எனக்குக் கண் சொக்கும். தரமணியில் பறக்கும் ரயில் ஏறி மந்தைவெளியில் இறங்குவதற்குள் தூங்கிப் போனேன் என்றால், அன்றைக்கு அலுவலகத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மா இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். "இன்னா, கண்ணு சொருகிக்கினு வர்ற. எவன் இன்னா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டேதான் கதவைத் திறப்பாள்.

அதனால் இந்த விஷயத்தில் பாதி எனக்குத் தூக்கக் கலக்கத்தோடுதான் நினைவிருக்கிறது. கோபம் இருந்தது, மிச்சமெல்லாம் மங்கல். ஆற்றின் மேல் ரயில் போகும்போது ஜன்னலில் தெரியும் வெளிச்சம், உப்புக் காற்று, எங்கிருந்தோ வரும் சிரிப்புச் சத்தம், இப்படித் துண்டு துண்டாகத்தான் வருகிறது. கோத்துப் பார்க்கிறேன்.

அம்மா பட்டினப்பாக்கத்தில் சாலையோரம் மீன் விற்கிறாள். பக்கத்திலேயே அவள் தங்கை, என் சித்தி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய நீலக் குடை. காலை வெயில் அந்தக் குடை வழியாக இறங்கும்போது மீன், பலகை, அம்மாவின் கை எல்லாமே லேசாக நீலமாக இருக்கும். சின்ன வயதில் அந்த நிழலில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, அம்மா வாடிக்கைக்காரர்களைத் திட்டுவதைக் கேட்டபடியே தூங்கிப் போவேன். எனக்குத் தாலாட்டு என்றால் அதுதான்.

திட்டு என்றால் சும்மா இல்லை. அம்மாவிடம் மீன் வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர் அதற்காகவே வருவார்கள். செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறவரிடம், "இன்னா சார், ஜாதகம் பாக்குறியா? நா மீனு தான குடுக்குறேன், பொண்ணா குடுக்குறேன்?" என்பாள். விலையைக் கேட்டுவிட்டு அரை மணி யோசிக்கிற அம்மாளிடம், "நீ யோசன பண்ணி முடிக்கச் சொல்ல இது கருவாடாப் பூடும் மா" என்பாள். அவர்களும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், மீன் பைக்குள் போகும்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு அம்மா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். போணி ஆகும்வரை வாயைத் திறக்க மாட்டாள். முதல் ஆள் வந்து, முதல் மீன் போய், முதல் காசு கைக்கு வர வேண்டும். அதைக் கண்ணில் ஒற்றிச் சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் கச்சேரி ஆரம்பிக்கும். முதல் ஆள் வெறுங்கையோடு போனால் அன்றைய நாளே போச்சு என்பது எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் நம்புவதுதான். சித்தி இன்னும் கெட்டி. போணி ஆகாமல் ஒரு வாய் டீ கூடக் குடிக்க மாட்டாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போணிக்காகக் காத்திருந்து, அப்புறம்தான் இட்லியைப் பிரிப்பாள். எத்தனை சொன்னாலும் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் ஆட்டோவில் வருவார். துணிப்பை, நெற்றியில் மெல்லிய கோடு, கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்துதான் இறங்குவார். "ஆத்துல பூனை இருக்கு, அதுக்கு" என்று சொல்லி நல்ல சங்கராவாக வாங்கிக்கொள்வார். அம்மா கழுத்தை முன்னால் நீட்டி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பூனைக்குக் கொழம்பா சார், வறுவலா?" என்று கேட்பாள். "வறுத்தா நன்னா சாப்பிடறது" என்பார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. வருஷக்கணக்காக அந்தப் பூனை எங்கள் மீனைத்தான் தின்கிறது. பக்கத்தில் வேறு யாராவது நின்றால் அம்மா பூனைப் பேச்சையே எடுக்க மாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். அம்மாவுக்கு எல்லாருமே பையன்தான். மந்தைவெளிப் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருந்தான். காமெடி வீடியோ எடுத்துப் போடுவான். நல்லவன், சொல்லப்போனால் எனக்கே அவனைப் பிடித்திருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேலை. ஒரு நாள் கேட்டுக்கொண்டு, அம்மா திட்டுவதை அப்படியே எடுத்துப் போட்டான். அன்று எங்கள் வீட்டில் ஒரே கும்மாளம். அம்மா தரையில் படுத்துக்கொண்டு என் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, போட்டுப் போட்டுப் பார்த்தாள். "நா இம்மா நல்லாவா பேசுறேன்?" என்று கேட்டாள். அவள் அவ்வளவு வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதைப் பல பேர் பார்த்துவிட்டார்கள், அவனுக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்த வீடியோவில் அம்மா இல்லை. அவனே புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டி, வாயில் வெற்றிலையை அடக்கி, மீன்காரியாக வந்தான். ரோட்டில் போகிறவனையெல்லாம் சட்டையைப் பிடித்து இழுத்தான். வாயைத் திறந்தால் கஸ்மாலம், கஸ்மாலம். என் அம்மா வாயில் நான் அந்த வார்த்தையைக் கேட்டதேயில்லை. எங்கள் தெருவிலேயே கேட்டதில்லை. சினிமாவில்தான் கேட்டிருக்கிறேன்.

அம்மா அதைக் கடைசிவரை பார்த்தாள். "யாரு இது?" என்றாள்.

"நீதான் மா."

"நானா? நா எப்ப எவன் சட்டையப் புட்சி இஸ்தேன்?" என்றாள். அப்புறம் போனை என் கையில் கொடுத்தாள். "வுடு. பொழப்புக்குப் பண்றான்."

எனக்கு அப்போதே ஒரு கொட்டாவி வந்தது.

அந்த வாரமே அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது அந்த வீடியோ வந்தது. ஒருத்தி போனை டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்தாள், மேஜை முழுக்க அதைச் சுற்றிக் குனிந்தது. ஒருவன் எழுந்து இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினான். அலுவலகத்தில் நான் பேசும் தமிழே வேறு. நந்தனத்தில் கல்லூரிக்குப் போன வருஷங்களில் இன்னாவை என்ன ஆக்கி, கீதுவை இருக்கு ஆக்கி, வழவழவென்று தேய்த்து எடுத்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. "அது எங்கம்மா" என்றேன்.

அசட்டுத்தனமாக யாரோ இருமினார்கள். பிறகு போனை வைத்திருந்தவள் கண்கள் விரிய, "ஏய், சீரியஸா? செம. அப்ப நீயும் அப்படிப் பேசுவியா? ஒரே ஒரு வாட்டி பேசிக் காட்டேன்" என்றாள். பாவம், என்னைப் பாராட்டுவதாகத்தான் அவள் நினைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் பிளந்து கொட்டாவி விட்டேன்.

அன்று ரயிலில் இந்திரா நகர் வரவில்லை, அதற்குள் தூக்கம். கனவில் பெட்டி முழுக்கச் சிரிப்புச் சத்தம். யார் என்று பார்க்கிறேன். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தம் மட்டும் நிற்கவில்லை. கீழே ஆறு நீலக் குடை நிறத்தில் ஓடுகிறது. விழித்தபோது மயிலாப்பூர் வந்திருந்தது. ஒரு ஸ்டேஷன் தாண்டிப் போயிருந்தேன்.

அதற்கப்புறம் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தி.நகர், அடையாறு, எங்கெங்கிருந்தோ. மீன் வாங்க இல்லை. விடிந்தும் விடியாமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, அந்தக் கஸ்மாலம் ஒரு வாட்டி" என்று நிற்பார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஐஸைக் கொத்துவாள். அதற்கும் சிரிப்பார்கள். அவள் வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பு தயாராக இருந்தது. செல்ஃபி எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போவார்கள். "போணி ஆவல, பல்லக் காட்டிக்கினு நிக்குதுங்க" என்று சித்தி முணுமுணுப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இட்லிப் பொட்டலமும் டீ ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன். வண்டிகள் விடாமல் போகின்றன. கடையைச் சுற்றி நல்ல கூட்டம். கூட்டத்தைப் பார்த்ததும் வியாபாரம் ஜோர் என்று நினைத்தேன். அடப் போங்கப்பா, அவ்வளவு பேரில் ஒருத்தர் கூட மீன் வாங்க வரவில்லை. வெயில் ஏறியிருந்தது, இன்னும் போணி ஆகவில்லை. சித்தி மாத்திரை போட்ட வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் மெதுவாகப் பக்கவாட்டில் சரிந்தாள். அன்னக்கூடை கவிழ்ந்து மீனெல்லாம் தரையில் வழுக்கி ஓடியது.

அம்மா எழுந்து சாலைக்கு ஓடி வந்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிகளுக்குக் குறுக்கே நின்றாள். "யோவ், நிறுத்துயா வண்டிய. என் தங்கச்சி வுழுந்துட்டாய்யா. கண்ணு அவிஞ்சா பூட்ச்சி ஒனக்கு, நிறுத்துயா."

ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. கண்ணாடி இறங்கியது. ஒரு போன் வெளியே வந்தது. உள்ளே சிரித்தார்கள். இந்தப் பக்கம் கூட்டத்திலும் போன்கள் உயர்ந்தன. "சூப்பர் ஆன்ட்டி" என்று ஒருவன் கத்தினான். அம்மா இன்னும் உரக்கத் திட்டினாள், இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். கார் போய்விட்டது. அழுதிருந்தால் நின்றிருப்பார்களோ என்னவோ. என் அம்மாவுக்குப் பயம் வந்தால் அழுகை வராது, திட்டுதான் வரும்.

நான் எப்படிச் சாலையைக் கடந்தேன் என்று நினைவில்லை. நான் போவதற்குள் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. துணிப்பையோடு பூனைக்காரப் பெரியவர் இறங்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "ஏத்துங்கோ, சீக்கிரம் ஏத்துங்கோ" என்று தானே குனிந்து சித்தியின் காலைப் பிடித்தார். அம்மா விளையாடும் குரலை அத்தனை வருஷமாகக் கேட்டவருக்கு, இது அது இல்லை என்று தெரிந்துவிட்டது.

சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது என்றார்கள் மருத்துவமனையில். இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார் டாக்டர். சித்தி பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, கொட்டிய மீன் என்ன ஆயிற்று என்பதுதான். இப்போதெல்லாம் போணிக்கு முன்னால் சாப்பிடுகிறாள், குற்றவாளி மாதிரி குடைக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு.

அம்மாவுக்குத்தான் பேச்சு நின்றுபோனது. மீனை எடுக்கிறாள், நறுக்குகிறாள், காசு வாங்குகிறாள். போணி ஆன பிறகும் அப்படியேதான். பழைய வாடிக்கைக்காரர்கள் முகத்தை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு காலையில் அந்த வீடியோப் பையன் வந்தான். நானும் அங்கே இருந்தேன். அன்றைக்கு அவன்தான் முதல் ஆள். முகம் வெளிறியிருந்தது. "அக்கா, வீடியோ எல்லாத்தையும் அழிச்சிட்டேன்க்கா" என்றான்.

"இன்னா மீனு வேணும்?" என்றாள் அம்மா.

அவன் கிழங்கானைக் காட்டினான். பிறகு ஒரு மீனை எடுத்து, வேண்டுமென்றே, செவுளைத் தூக்கிப் பார்த்தான். தூக்கியபடியே அம்மாவைப் பார்த்தான். அம்மா கத்தியைப் பலகையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு மீனை எடுத்து அதையும் தூக்கிப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. "திட்டுங்கக்கா. ஏதாவது சொல்லுங்கக்கா" என்றான்.

"திட்டுனா ஒனக்கு சிரிப்பு வந்துடும் தம்பி" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. மீனைச் சுத்தம் செய்து கொடுத்தாள். அவன் நீட்டிய காசைக் கண்ணில் ஒற்றிச் சிலுவை போட்டுக்கொண்டாள். போணி போணிதானே. அவன் மீனை வாங்கிக்கொண்டு போனான்.

எனக்குக் கொட்டாவி வந்தது. அம்மா பார்த்துவிட்டாள். நீல நிழலில் அவள் முகம் அமைதியாக இருந்தது.

"அவன் மேல கோவப்படாத. அவனும் இன்னா பண்ணுவான், அழிச்சிட்டான்ல" என்றாள். "ஒன்னு சொல்றேன், கேட்டுக்க. நாளைக்கி எனக்கு எதனா ஆச்சுன்னா, நீ என்னிய மாரி ரோட்ல நின்னு கத்தாத. ஆபீஸ்ல பேசுவியே, அந்த மாரி பேசு. அப்பதான் வண்டி நிக்கும்."

சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்துச் செதில் உரசத் தொடங்கினாள்.